24 டிகிரி போதும்: வீவக வீட்டில் ஓர் இருட்டறை

வீட்டிலேயே ஃபிலிம் கழுவி பிரிண்ட் போடுகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "இருட்டுக்கு என்ன செய்றீங்க?" என்பதுதான். சிங்கப்பூரில் இருட்டு ஒரு பிரச்சினையே இல்லை. 1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரும்பாலும் ஒரு பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சு நேரத்தில் ஒதுங்கும் அறை, இருக்கிறது. ஜன்னல் கிடையாது, சுற்றிலும் கனத்த கான்கிரீட், இரும்புக் கதவு. சாத்திவிட்டால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. லண்டனிலும் டோக்கியோவிலும் இருப்பவர்கள் கறுப்புத் துணியும் டேப்பும் வாங்கி ஜன்னல் ஜன்னலாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது, நமக்கு அரசாங்கமே இருட்டறையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நம் ஊரில் கேட்க வேண்டியது சூட்டைப் பற்றி, ஈரக்காற்றைப் பற்றி. ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரின் புட்டி மேல் ஒட்டியிருக்கும் தாள், ஃபிலிம் பெட்டிக்குள் அச்சடித்திருக்கும் அட்டவணை, பழைய கையேடுகள், எல்லாம் 20 டிகிரி செல்சியஸ் என்றே பேசும். நம் குழாயைத் திறந்தால் வருவது 28, 29. மத்தியானம் தண்ணீர்த் தொட்டியில் வெயில் பட்டிருந்தால் அதற்கும் மேலே.

இந்த எட்டு ஒன்பது டிகிரி ஏன் முக்கியம் என்றால், டெவலப் ஆவது ஒரு வேதிவினை, சூடு ஏற ஏற அது வேகமாக ஓடும். ஒரு டிகிரி ஏறினால் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்பது கைக்கணக்கு. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐஎஸ்ஓ 400 வேகத்தில் எடுத்து, ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். அதையே 29 டிகிரியில் செய்தால் மூன்று நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். மூன்று நிமிடத்தில் மருந்தை ஊற்றவே இருபது வினாடி போகும், வடிக்க இன்னொரு இருபது போகும், அதற்குள் ஃபிலிமின் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், மறுபக்கம் பின்தங்கும், வானம் இருக்கும் இடமெல்லாம் திட்டுத் திட்டாக வரும். ஐந்து நிமிடத்துக்குக் குறைவான எந்த நேரத்தையும் நம்பக் கூடாது என்று கையேடுகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பழைய காலத்தில் வெப்ப நாடுகளுக்கென்றே தனி டெவலப்பர்கள் இருந்தன. கோடாக்கின் டிகே-15 அப்படி ஒன்று. அதில் சோடியம் சல்ஃபேட் சேர்த்திருப்பார்கள், சூட்டில் ஜெலட்டின் படலம் அளவுக்கு மீறி ஊதிவிடாமல் இருக்க. இன்றைய ஃபிலிம்களின் படலம் தயாரிப்பிலேயே கடினப்படுத்தப்பட்டு வருவதால் அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதற்காக 29 டிகிரியில் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிடலாம் என்றும் ஆகாது.

இங்கே இரண்டு வகை ஆட்களைப் பார்க்கிறேன். ஒருவர் ஐஸ்கட்டியும் தெர்மாமீட்டருமாக 20 டிகிரிக்காகப் போராடுவார், பாதியில் 21 ஆகும், 22 ஆகும், கவலைப்பட்டுக்கொண்டே கழுவுவார். இன்னொருவர் இந்த ஊரில் இது சரிப்படாது என்று லேபில் கொடுத்துவிடுவார். இரண்டும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. 24 டிகிரியில் வேலை செய்யுங்கள், போதும்.

ஏன் 24? படுக்கையறையில் ஏர்கானை 24இல் வைத்து, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், இரண்டு மூன்று பெரிய பாட்டில் தண்ணீர் எல்லாவற்றையும் ராத்திரி முழுக்க அதே அறையில் விட்டால் காலையில் எல்லாம் தானாகவே ஏறக்குறைய அந்தச் சூட்டில் நிற்கும். ஐஸ் வேண்டாம், போராட்டம் வேண்டாம், ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமும் இருக்காது. அப்புறம் ஐடி-11ஐ ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது 24இல் சுமார் 9 நிமிடமாகிறது. நிதானமாக ஊற்றலாம், வடிக்கலாம், ஃபிலிம் இருக்கும் மூடிய டேங்கை ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் நாலு முறை கவிழ்த்து நிமிர்த்தலாம். இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. கடைசியில் அலசுகிற தண்ணீர், மற்ற மருந்துகளின் சூட்டிலிருந்து ஐந்து டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பார்கள். நீங்கள் 20இல் கழுவினால் நம் குழாய்த் தண்ணீர் ஒன்பது டிகிரி தள்ளி நிற்கிறது. 24இல் கழுவினால் அது ஐந்துக்குள் வந்துவிடுகிறது. ஏர்கானுக்கும் குழாய்க்கும் நடுவில், இரண்டுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிற எண் அது.

ஃபிலிம் கழுவ இருட்டறை தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்புத் துணியில் தைத்த சேஞ்சிங் பேக் ஒன்றும் வெளிச்சம் புகாத பாட்டர்சன் டேங்க் ஒன்றும் இருந்தால் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஃபிலிமை டேங்குக்குள் வைக்கும் ரீலில் ஏற்றலாம். டேங்கை மூடியபின் மற்ற எல்லாம் வெளிச்சத்தில்தான். ஆனால் இதையும் ஏர்கான் அறையில் செய்வது நல்லது. மின்விசிறி மட்டும் ஓடுகிற அறையில் சேஞ்சிங் பேக்குக்குள் இரண்டு கையையும் விட்டு ஐந்து நிமிடம் ஆனால் உள்ளே ஆவி கட்டிவிடும், விரல் வியர்க்கும், பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் பட்டாலும் ஃபிலிம் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நகராது. ரீல் எலும்புபோலக் காய்ந்திருக்க வேண்டும். 35 மிமீ ஃபிலிம் ஒன்றுக்கு அந்த டேங்க்கில் 290 மில்லி மருந்து போதும், அளவு டேங்கின் அடியிலேயே எழுதியிருக்கும்.

இத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். கழுவுவார்கள், ஸ்கேன் செய்வார்கள், ஃபோனில் பார்ப்பார்கள். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நெகட்டிவ் என்பது பாதி வேலை, பிரிண்ட் போடும்போதுதான் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று உங்களுக்கே தெரியவருகிறது. அதற்குத்தான் அறை வேண்டும்.

சரி, பாம் ஷெல்டருக்கு வருவோம். இருட்டு அருமை, ஆனால் காற்றோட்டம் போதாது. கதவைச் சாத்திவிட்டு ட்ரேயில் மருந்து ஊற்றி ஒரு மணி நேரம் நின்றால் ஸ்டாப் பாத்தின் புளித்த நெடியும் ஃபிக்ஸரிலிருந்து கிளம்பும் கந்தக வாடையும் சேர்ந்து தொண்டையைப் பிடிக்கும். உள்ளே தண்ணீர் வசதி கிடையாது, வடிகால் கிடையாது. அந்தச் சுவர்களை உடைக்கவோ கதவைக் கழற்றவோ அனுமதி இல்லை, துளை போடுவதற்கும் விதிகள் இருக்கின்றன, காற்றுத் துவாரங்களில் கை வைக்கவே கூடாது. ஆகவே நான் இரண்டாகப் பிரித்திருக்கிறேன். உலர்ந்த வேலை ஷெல்டரில், ஈர வேலை பாத்ரூமில். எங்கள் சமையலறை வாசலில் ஷெல்டர், அதற்கு நாலடி தள்ளி பாத்ரூம். ஷெல்டரில் ஒரு கனமான மேசை, அதன்மேல் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர், கீழே பேப்பர் பெட்டிகள். சுவரில் எதையும் மாட்டவில்லை. பாத்ரூமில் தரையோடு வடிகால் இருப்பதால் கொட்டினாலும் கவலையில்லை, மேலே உள்ள சிறிய ஜன்னலுக்கு அளவெடுத்து வெட்டிய கறுப்பு அட்டை, கதவுக்கு எதிரே ஒரு விசிறி.

நடுவில் இருக்கும் அந்த நாலடிதான் சவால். ராத்திரி சமையலறை விளக்கை அணைத்தால் இருட்டு என்று நினைப்போம். நிஜத்தில் எதிர் பிளாக்கின் தாழ்வாரம் முழுக்க விடிய விடிய விளக்கு எரிகிறது, அது துணி காயப்போடும் பக்கத்து ஜன்னல் வழியாக நேராக உள்ளே வரும். அங்கே தடித்த திரை ஒன்று வேண்டும். அப்புறம் ரைஸ் குக்கரின் சின்ன விளக்கு, மைக்ரோவேவின் கடிகாரம், வைஃபை பெட்டியின் பச்சைப் புள்ளிகள், கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச். இருட்டில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கண் பழகினபின் பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும்.

பிரிண்ட் பேப்பரைக் கெடுக்காத மங்கல் விளக்கான சேஃப்லைட்டையும் யாருடைய வாக்கையும் நம்பாமல் நீங்களே சோதிக்க வேண்டும். சிவப்பு எல்இடி பல்பு என்று விற்பதில் சிலது பாதுகாப்பானது, சிலது இல்லை. முழு இருட்டில் ஒரு பேப்பர் துண்டை என்லார்ஜர் வெளிச்சத்தில் லேசாகச் சாம்பல் தட்டுகிற அளவுக்கு மட்டும் காட்டி, அதன்மேல் ஒரு வெள்ளிக் காசை வைத்து, சேஃப்லைட்டைப் போட்டு ஏழெட்டு நிமிடம் விட்டுவிடுங்கள். கழுவினபின் காசின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது. வெள்ளைப் பேப்பரை அப்படியே வைத்துச் சோதித்தால் போதாது, ஏற்கெனவே கொஞ்சம் வெளிச்சம் பட்ட பேப்பர்தான் சீக்கிரம் கெடும்.

மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. நம்முடையது 230 வோல்ட். ஜப்பானிலிருந்து வரும் பழைய என்லார்ஜர்கள் 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வருவது 120. பிளக்கை மாற்றி மாட்டினால் பல்பு அந்தக் கணமே போய்விடும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். என்லார்ஜரை பாத்ரூமுக்கு வெளியே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிற ஏற்பாடு எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ட்ரேயில் உள்ள மருந்துகளை 24இல் பிடித்து வைக்க முடியாது, பாத்ரூமில் ஏர்கான் இல்லை. ஆனால் பேப்பர் ஃபிலிமைவிடப் பொறுமைசாலி. பேப்பருக்கான மல்டிகிரேட் டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்பது என்று கலக்கச் சொல்வார்கள், பிளாஸ்டிக் பூசிய ஆர்சி பேப்பருக்கு 20 டிகிரியில் ஒரு நிமிடம். நான் ஒன்றுக்குப் பதினாலு கலக்கிறேன். குளிர்நாட்டில் அது ஒன்றரை நிமிடம் எடுக்கும், இங்கே சூடு அதை மறுபடி ஒரு நிமிடத்துக்கு இழுத்து வந்துவிடுகிறது. முக்கியம் என்னவென்றால் ராத்திரி முழுக்க அதே நேரம் வைப்பது. திறந்த ட்ரேயில் இந்தச் சூட்டில் டெவலப்பர் சீக்கிரம் பழுப்பேறும், அதனால் ஒரு ராத்திரிக்கு மேல் வைத்திருப்பதில்லை.

இப்போது ஒரு பிரிண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. தேக்கா பக்கம் கேம்பல் லேனில் பூக்கடை அக்கா ஒருவர் மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம். நடுமத்தியானம், கூரைக்கு வெளியே நீட்டியிருந்த கையிலும் பூவிலும் வெயில் அப்பட்டமாக விழுகிறது, முகம் நிழலில். நெகட்டிவில் பூ இருக்கும் இடம் கறுத்துக் கெட்டியாக இருக்கும், முகம் மெல்லிசாக. நேராகப் போட்டால் பூ வெறும் வெள்ளைத் திட்டு. பூவுக்காகக் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் அக்காவின் முகம் கரிக்கட்டை. ஃபோனில் இதைச் சரிசெய்ய ஒரு விரல் போதும், உண்மைதான், ஆனால் அந்த விரலுக்கு பூ எப்படி வெளுக்கிறது என்று தெரியாது.

மல்டிகிரேட் பேப்பருக்குள் பச்சை வெளிச்சத்துக்கும் நீல வெளிச்சத்துக்கும் வேறு வேறு விதமாக மறுமொழி சொல்லும் படலங்கள் கலந்திருக்கின்றன. மஞ்சள் ஃபில்டர் வைத்தால் பச்சை மட்டும் பேப்பருக்குப் போகும், படம் மென்மையாக வரும். மெஜெந்தா வைத்தால் நீலம் பேப்பருக்குப் போகும், படம் வெட்டென்று வரும். 00இலிருந்து 5 வரை ஃபில்டர்கள் இருக்கின்றன. நான் இந்த மாதிரி நெகட்டிவுக்கு இரண்டு ஓரங்களையும் மட்டும் எடுத்துக்கொள்வேன். முதலில் 00 வைத்து, ஒரே பேப்பர் துண்டில் பகுதி பகுதியாக வேறு வேறு நேரம் கொடுக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு, பூவிதழில் மெல்லிய சாம்பல் நிழல் எந்த இடத்தில் தட்டுகிறது என்று பார்ப்பேன். எட்டு வினாடியில் தட்டியது. முகத்தைப் பற்றி அப்போது யோசிக்கவே கூடாது. அதன் பிறகு புதுப் பேப்பர் துண்டில் 00இல் எட்டு வினாடி கொடுத்து, மேலே 5ஐ வைத்து இன்னொரு டெஸ்ட் ஸ்ட்ரிப், இந்த முறை அக்காவின் கூந்தல் எங்கே உண்மையான கறுப்பாகிறது என்று பார்க்க. ஆறு வினாடி.

இப்போது கை வேலை. 5இல் ஆறு வினாடி ஓடும்போது, கம்பி நுனியில் ஒட்டிய சிறு அட்டை வட்டத்தை முகத்துக்கு மேலே பிடித்து இரண்டு வினாடி நிழல் கொடுக்கிறேன், கையை அசைத்துக்கொண்டே, இல்லாவிட்டால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழுந்துவிடும். அப்புறம் மறுபடி 00, பெரிய அட்டையில் போட்ட துளை வழியாக சரத்துக்கு மட்டும் இன்னும் ஐந்து வினாடி. சரம் கோணலாகப் போகிறது, அட்டையும் அதோடு போக வேண்டும். பேப்பரை லைட் புகாத பெட்டியில் போட்டு நாலடி நடந்து ட்ரேயில் இறக்கினால், முதலில் கூந்தல் வருகிறது, பிறகு புடவையின் கரை, முகம், கடைசியாகத்தான் பூ. ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாக, நடுவில் ஓடும் நார் உட்பட. அந்த நார் நெகட்டிவில் இருக்கிறது என்பது ஸ்கேன் செய்து பார்த்தபோது எனக்குத் தெரியவே இல்லை.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது பிரிண்ட் பளிச்சென்று இருக்கும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பர் காய்ந்தபின் ஒரு படி மங்கும், வெள்ளைகள் கொஞ்சம் சாம்பலாகும். ஆகவே ட்ரேயில் பார்த்து இது சரியாக இருக்கிறது என்று தோன்றினால், காய்ந்தபின் அது கொஞ்சம் அதிகமாகக் கறுத்துத்தான் இருக்கும்.

தண்ணீர் எனக்கு மனதை உறுத்துகிற விஷயம். சொட்டு நீரையும் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்கிற ஊரில் குழாயை ஒரு மணி நேரம் திறந்துவிட்டு ஃபைபர் பேப்பரை அலசுவது எனக்கு ஒப்பவில்லை. அதற்கு வழி இருக்கிறது. இல்ஃபோர்ட் சொல்லும் முறையில் ஃபிக்ஸரை ஒன்றுக்கு நாலு என்று கெட்டியாகக் கலந்து ஒரே நிமிடம் வைத்தால் மருந்து காகித நாருக்குள் ஆழமாக ஊறாது, அதன்பின் ஐந்து நிமிட அலசல், அலசலை விரைவாக்கும் வாஷ்எய்ட் மருந்தில் பத்து நிமிடம், மறுபடி ஐந்து நிமிட அலசல், முடிந்தது. ஃபிலிமுக்கு இன்னும் எளிது. டேங்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து வடிக்க வேண்டும், புதுத் தண்ணீரில் பத்து முறை, மீண்டும் புதுத் தண்ணீரில் இருபது முறை. மூன்றே டேங்க் தண்ணீர்.

பழைய ஃபிக்ஸரை நான் சாக்கடையில் ஊற்றுவதில்லை. ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி முழுக்க அதில்தான் இருக்கிறது, நம் கழிவுநீர் கடலோடு முடிந்துபோகிற ஒன்றும் இல்லை, நியூவாட்டராக ஒரு பங்கு நமக்கே திரும்பி வருகிறது. மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து அதற்குள் இரும்பு நார் போட்டால், இரும்பு கரைந்து வெள்ளி கறுப்பு வண்டலாகக் கீழே படியும். அதன் பிறகும் அதை ஒரு லேபிடம்தான் கொடுக்கிறேன், அவர்கள் தங்கள் கழிவோடு சேர்த்து அனுப்புகிறார்கள். ஃபிக்ஸர் தீர்ந்ததா என்று பார்க்க, வெளிச்சம் பட்ட ஃபிலிம் நுனி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஃபிக்ஸர் புதிதாக இருந்தபோது அந்த நுனி கண்ணாடிபோலத் தெளிய எடுத்த நேரத்தைப்போல இரட்டிப்பு நேரம் எடுத்தால் ஃபிக்ஸரின் ஆயுள் முடிந்தது.

ஈரக்காற்று கடைசி எதிரி, அது ஓய்வெடுப்பதே இல்லை. கழுவிய ஃபிலிமைக் காயப்போடவும் ஏர்கான் அறைதான் நல்லது, சீக்கிரம் காயும், ஆனால் காற்று நேராக அடிக்காத மூலையில், தூசி ஒட்டாமல் இருக்க. லென்ஸும் நெகட்டிவும் ட்ரை கேபினட்டில், 45இலிருந்து 50 சதவீத ஈரப்பதத்தில். பிரிக்காத பேப்பரும் ஃபிலிமும் ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்துத் தட்டில். "தம்பி, இது மருந்தா, சாப்பாட்டுப் பக்கம் வைக்கலாமா?" என்று அம்மா கேட்டார். மருந்து ஒரு சொட்டுகூட ஃபிரிட்ஜுக்குள் போகாது, உறை பிரிக்காத பெட்டிகள் மட்டும்தான் என்று காட்டியபின் அந்தத் தட்டை ஒதுக்கிக் கொடுத்தார். வெளியே எடுத்தால் உடனே பிரிக்கக் கூடாது. இந்த ஊர்க் காற்றில் குளிர்ந்த பேப்பர் மேல் கணத்தில் நீர் பூக்கும். காலையில் எடுத்து வைத்து ராத்திரி பிரியுங்கள்.

என்லார்ஜர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். 35 மிமீ மட்டும் போடக்கூடிய சின்னதை எடுக்காதீர்கள், இடம் கொஞ்சம் அடைத்தாலும் 6x6 செமீ சதுர நெகட்டிவ் வரை போகிறதை எடுங்கள், அதற்கு 80 மிமீ லென்ஸும் ஒன்று. காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்து ஸ்டூடியோக்களில் அப்பா அம்மா கல்யாணத்துக்கு எடுத்த படங்கள், பாட்டி இந்தியாவிலிருந்து வந்த வருஷம் எடுத்தது, இதெல்லாம் நிறையப் பேர் வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் சதுர நெகட்டிவாகவே கிடக்கின்றன. பிரிண்ட் மஞ்சளித்துப் போயிருக்கும், நெகட்டிவ் நன்றாகவே இருக்கும். எடுத்தவுடன் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தால் தண்ணீரால் துடைக்க வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் படத்தோடு கரைந்து வந்துவிடும். 98 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான பஞ்சில் தொட்டு, முதலில் ஓரத்தில் மட்டும் துடைத்துப் பாருங்கள்.